ரெய்னோவுக்காகத் திறந்த ஜன்னல்

ஜன்னலைத் திறந்தது வெர்னா லாட்டிதான். அதில் முதியோர் இல்லத்துக்கும் சந்தேகம் இல்லை, வெர்னாவுக்கும் இல்லை. திறந்ததை மூட மறந்தவளும் அவள்தான். இந்த இரண்டும் ஊருக்கே தெரியும். அவள் அதை வேண்டுமென்றே செய்தாள் என்று மூன்றாவதாக ஒன்றை இல்லத்தை நடத்தும் கம்பெனி கிளப்பியதில்தான் வம்பு வந்தது.

அமெரிக்காவின் வடக்கே சுப்பீரியர் ஏரிக்கரையில் இருக்கிற எங்கள் ஊர் முதியோர் இல்லத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது கண்ணை மூடினால், பக்கத்தில் இருக்கும் பணிப்பெண் முதல் வேலையாக ஜன்னலை ஒரு கை அகலத்துக்குத் திறந்து வைப்பாள். போகிற உயிர் சுவரில் முட்டிக்கொள்ளாமல் போகட்டும் என்று. பிறகு உடலைத் துடைத்து, தலைவாரி, சுத்தமான சட்டை போட்டுவிட்டு ஜன்னலை மூடுவாள். யார் தொடங்கி வைத்ததோ தெரியாது. புதிதாக வேலைக்கு வருகிறவளுக்கு இதை யாரும் வாய்விட்டுச் சொல்லித் தருவதில்லை. முதல் சாவில் பார்த்துக்கொள்வாள், இரண்டாவது சாவில் தானே செய்வாள். வெர்னாவோடு வேலை செய்யும், கோயிலுக்கே போகாத டார்லீன்கூடத் திறப்பாள்.

இல்லத்தை வாங்கிய தெற்கத்திக் கம்பெனிக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? அவர்கள் தெரிந்து வைத்திருந்தது குழாயை. ஜன்னலுக்குக் கீழே சுவரை ஒட்டி வெந்நீர்க் குழாய் ஓடுகிறது. அந்தச் சூட்டில்தான் அறையில் மனிதர் இருக்க முடியும். குளிர்காற்று நேராகப் பட்டால் குழாய்க்குள்ளேயே தண்ணீர் உறைந்து குழாய் வெடித்துவிடும். அதனால் நவம்பர் பிறந்தால் ஏப்ரல் முடியும்வரை ஜன்னல்களைத் திறக்கக் கூடாது என்று எழுதிப் பணியாளர் அறைக் கதவில் ஒட்டியிருந்தார்கள். எல்லாரும் படித்தார்கள். படித்துவிட்டு, சாவு விழுந்த அறைகளில் வழக்கம்போலத் திறந்தார்கள்.

ஜனவரியில் ரெய்னோ சால்மி போனார். காட்டில் மரம் வெட்டி வாழ்ந்த மனிதர். மனைவி போய் வெகுகாலம் ஆகிறது, பிள்ளை இல்லை. காலையில் சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு காபியை அதன் வழியாக உறிஞ்சுவார். மற்ற நேரங்களில் அவர் வாய்க்கு வேலை கிடையாது. கடைசி மாதங்களில் வெர்னாவைக் கண்டால் மட்டும் கையை நீட்டுவார். அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். அன்று மாலையும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள், கை தளர்ந்தது.

வெர்னா ஜன்னலைத் திறந்தாள். உடல் இருக்கும் அறையில் செய்கிறபடி வெந்நீர் ஓட்டத்தை நிறுத்தி அறைச் சூட்டைக் குறைத்தாள். அவரைத் துடைத்து, அவருக்குப் பிடித்த கட்டம் போட்ட சட்டையை மாட்டிக் கடைசிப் பொத்தானைப் போடும்போது எதிர் அறையிலிருந்து மணி அடித்தது. பிறகு ஒரு கத்தல். எண்பது தாண்டிய திருமதி பொட்ரி குளியலறையில் வழுக்கி விழுந்திருந்தாள். தளம் முழுக்க இரண்டே பணிப்பெண்கள். இன்னொருத்தி உணவுக் கூடத்தில் இருந்தாள். வெர்னா ஓடினாள். தலையில் இரத்தம், உடைந்த இடுப்பு, ஆம்புலன்ஸ், பனியில் அது வந்து சேர்ந்த தாமதம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்ததில் ஜன்னல் அவள் நினைவை விட்டே போய்விட்டது. ரெய்னோவை எடுத்துப் போக வந்தவர்கள் கனத்த கோட்டோடு வந்து கனத்த கோட்டோடு போனார்கள். அறை குளிர்வது அவர்களுக்கு உறைக்கவில்லை. திரை மூடியிருந்தது. போகும்போது மரியாதையாகக் கதவையும் சாத்திவிட்டுப் போனார்கள்.

விடிவதற்குள் குழாய் வெடித்துத் தண்ணீர் நடைபாதை முழுக்க ஓடியது. கீழ்த்தளத்துக் கூரை பெயர்ந்து விழுந்தது. பெரியவர்களைப் போர்வையோடு தூக்கி உணவுக் கூடத்தில் வரிசையாகப் படுக்க வைக்க வேண்டியதாயிற்று. நல்லவேளை, ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. காலையில் நிர்வாகி ஜெனெல் ட்ரூடோ வெர்னாவைக் கூப்பிட்டு, முகத்தைப் பார்க்காமல், தலைமையகம் அவளை வேலையிலிருந்து நீக்கிவிட்டதாகச் சொன்னாள். வெர்னா எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. தவறு தன்னுடையது, வேலை போனதில் நியாயம் இருக்கிறது என்றுதான் அவளுக்கும் பட்டது.

அநியாயம் அதற்குப் பிறகுதான் வந்தது. இங்கே வேலை போனால் அடுத்த வேலை கிடைக்கும்வரை மாநில அரசு வாராவாரம் ஓர் உதவித்தொகை கொடுக்கும். உழைத்த காலத்தில் முதலாளி கட்டிய பணத்திலிருந்து வருவது அது, பிச்சை இல்லை. ஆனால் பணியில் ஒழுங்கீனம் செய்து நீக்கப்பட்டவருக்கு அதில் ஒரு காசு கிடையாது. வெர்னாவுக்குக் கிடையாது என்றே பதில் வந்தது. விதி தெரிந்திருந்தும் வேண்டுமென்றே மீறினாள் என்று கம்பெனி சொல்லியிருந்ததாம்.

ஒழுங்கீனம் என்ற அந்தச் சொல்லைப் பார்த்ததும் வெர்னாவுக்கு முகம் சுண்டிப் போயிற்று. குடித்துவிட்டு வேலைக்கு வருவது ஒழுங்கீனம். கிழவர்களின் பையில் கைவிடுவது ஒழுங்கீனம். அப்படி ஒருத்தன் இருந்தான், அவனைப் பிடித்துக் கொடுத்தவளே இவள்தான். அவனையும் தன்னையும் ஒரே சொல்லால் கூப்பிடுகிறார்களே என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ஆத்திரம் அடுப்பை எரிக்காது. வெர்னாவின் கணவன் ஆர்விட் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. மகள் கிர்ஸ்டன் தெற்கே தூரத்து நகரத்தில் இருந்தாள். வீட்டை விற்றுவிட்டு என்னோடு வந்துவிடு என்று தொலைபேசியில் ஒற்றைக் காலில் நின்றாள். அதில் பாசம்தான் இருந்தது. ஆனால் மகள் வீட்டுக் கீழ்த்தள அறையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தன்னை நினைத்தாலே வெர்னாவுக்கு மூச்சு முட்டியது. மாவட்ட மருத்துவமனையில், பிழைக்க மாட்டார்கள் என்று தெரிந்தவர்களைக் கடைசிவரை பார்த்துக்கொள்ள ஒரு புதுப் பிரிவு வசந்தத்தில் திறக்கப் போகிறார்கள். அங்கே இருக்கும் செவிலியர் தலைவிக்கு வெர்னாவின் வேலை தெரியும். திறந்ததும் வா என்று சொல்லியிருந்தாள். இடையில் இருப்பதெல்லாம் இந்தக் குளிர்காலம் ஒன்றுதான். உதவித்தொகை வந்தால் தாண்டிவிடலாம். வராவிட்டால் வீடு போகும், ஊர் போகும், அந்த வேலையும் போகும். வெர்னா மேல்முறையீடு செய்தாள்.

விசாரணைக்கு முந்திய சனிக்கிழமை, எல்லாச் சனிக்கிழமையும்போல, டார்லீன் சோனாவுக்கு வந்தாள். வெர்னா வீட்டுப் பின்னால் ஆவிக்குளியலுக்கு ஆர்விட் கட்டிய மர அறை அது. சூடான கற்களின் மேல் தண்ணீரை ஊற்றினால் ஆவி ஆளை மூடிவிடும், முகம் தெரியாது. எங்கள் ஊரில் மனம்விட்டுப் பேசுவதற்கு இதைவிட்டால் வேறு இடம் கிடையாது. டார்லீன் இன்னமும் அந்த இல்லத்தில்தான் வேலை செய்தாள்.

"மூடிட்டேன்னு சொல்லுடி," என்றாள் டார்லீன். "அப்புறம் எவனோ தொறந்துட்டான்னு சொல்லு. ரெய்னோவைத் தூக்க வந்தாங்களே ரெண்டு பேரு, அவங்க தலையில போட்டுடு."

"நான் மூடலையே."

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். நீதிபதிக்கு எப்படித் தெரியும்? ரெய்னோ வந்து சாட்சி சொல்லப் போறாரா? உயிரோட இருந்தப்பவே வாயைத் தொறக்காத மனுஷன்."

வெர்னா சிரித்துவிட்டாள். சிரித்தாலும் பொய் சொல்ல முடியாது என்றாள். அந்த இரண்டு பேரில் ஒருவன் அவளுடைய சித்தி பேரன், அவனுக்கும் வயிறு இருக்கிறது.

டார்லீன் இன்னொரு கரண்டித் தண்ணீரைக் கற்களில் ஊற்றினாள். ஆவி சீறி அடங்கியது. பிறகு குரலைத் தாழ்த்தி, போன வருஷம் மார்ச் மாதத்தை நினைத்துப் பார் என்றாள். ஜெனெலின் அம்மா அந்த இல்லத்திலேயேதான் இறந்தாள். கதவில் அறிவிப்பு ஒட்டி ஒரு குளிர்காலம்கூட ஆகாத சமயம். கூட இருந்தவள் வெர்னா. ஜன்னலைத் திற என்று அழுதுகொண்டே சொன்னவள் நிர்வாகியேதான்.

"அதைக் கேளுடி அவகிட்ட. எல்லாரும் கேக்க, நீதிபதி முன்னாடி கேளு. அவ அம்மாவுக்குத் தொறந்தா புண்ணியம், ரெய்னோவுக்குத் தொறந்தா ஒழுங்கீனமா?"

வெர்னா மறுத்துவிட்டாள். தாய் போன நேரத்தில் ஒரு பெண் வாயிலிருந்து வந்த வார்த்தையை எடுத்துக்கொண்டு போய் வழக்கில் வைப்பதா? அதுவும் கம்பெனிக்காரன் கேட்டுக்கொண்டிருக்கும்போது? ஜெனெலின் வேலையும் போகும். அப்படியானால் நான் வந்து சாட்சி சொல்கிறேன் என்றாள் டார்லீன். அதற்கும் விடவில்லை. டார்லீன் வீட்டில் இரண்டு பேரப்பிள்ளைகள் இவள் சம்பளத்தில் சாப்பிடுகின்றன. டார்லீனும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

"நீ ஒரு மானஸ்தி, நான் ஒரு பயந்தாங்கொள்ளி," என்று டார்லீன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். "ரெண்டு பேரும் சேர்ந்து உன் வீட்டை வித்துடலாம்."

விசாரணை தொலைபேசியில்தான். எங்கள் பக்கத்துச் சாலைகளில் பனி குவிந்து கிடக்கும்போது வேறு வழியில்லை. வெர்னா சமையலறை மேசையில் உட்கார்ந்து, ஞாயிற்றுக்கிழமைக்கு உடுத்தும் நல்ல ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டாள். யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும் தலையைப் படிய வாரியிருந்தாள். வாசலில் பனி தள்ளும் வண்டி போனபோது ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

நீதிபதிக்கு ஜலதோஷம். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அவசரமில்லாமல் பேசினார். கம்பெனியின் சார்பில் ப்ரூயிட் என்று ஒருவர் தெற்கிலிருந்து இணைந்திருந்தார். அவர் கேட்கக் கேட்க ஜெனெல் பதில் சொன்னாள். விதி இருந்ததா? இருந்தது. கதவில் ஒட்டியிருந்ததா? ஒட்டியிருந்தது. வெர்னாவுக்குத் தெரியுமா? தெரியும். சேதம் எவ்வளவு? அதையும் சொன்னாள். கேட்டதற்கு மட்டும் பதில், அதற்கு மேல் ஓர் எழுத்து இல்லை. பாடம் ஒப்பிக்கும் பிள்ளையின் குரலாக இருந்தது அது.

பிறகு வெர்னாவின் முறை. விதி தெரியும் என்று ஒப்புக்கொண்டாள். தெரிந்தேதான் திறந்தேன் என்றும் ஒப்புக்கொண்டாள். ஏன் என்று நீதிபதி கேட்டார். போகிறவர்களுக்கு அங்கே எல்லாரும் அப்படித்தான் செய்வோம் என்றாள். சொல்லும்போதே அது எவ்வளவு சிறுபிள்ளைத்தனமாகக் கேட்கிறது என்று அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

"சரி, ஏன் மூடலை?"

"மறந்துட்டேங்க, ஐயா."

ப்ரூயிட் அந்தப் பதிலைத் திரும்பச் சொல்ல வைத்தார். நீதிபதி நன்றாகக் கேட்டுக்கொள்ளட்டும் என்று இருக்கலாம். மறந்துட்டேன், எதிர் ரூம்ல ஒருத்தங்க விழுந்துட்டாங்க, ஓடினேன், மறந்துட்டேன் என்று வெர்னா திரும்பச் சொன்னாள். எல்லாம் முடிந்தது என்று அவளுக்குத் தோன்றியது. டார்லீன் இங்கே இருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பாள்.

நீதிபதி தும்மினார், மன்னிப்புக் கேட்டார். நிர்வாகியிடம் ஏதாவது கேட்க விரும்பினால் கேட்கலாம், அது உங்கள் உரிமை என்றார்.

வெர்னா ஒன்றும் இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். ஆனால் ஒழுங்கீனம் என்ற அந்தச் சொல் அவளை விடவில்லை. பணம் வராவிட்டால் போகட்டும். இத்தனை வருஷம் பார்த்த வேலையைப் பற்றி, அதைக் கண்ணால் பார்த்தவள் ஒரு வார்த்தை நேராகச் சொல்லட்டும் என்று இருந்தது.

"ஜெனெல்," என்றாள். "இதுக்கு முன்னாடி தொறந்த ஜன்னல் எதையாவது நான் மூடாம விட்டிருக்கேனா?"

கேட்ட பிறகுதான் வெர்னாவுக்கு மார்ச் மாதத்து அறை கண்முன் வந்தது. ஐயோ, இதையா கேட்டுவிட்டோம் என்று பதறினாள். ப்ரூயிட் முந்திக்கொண்டு, இந்தக் கேள்வி சம்பந்தமில்லாதது என்றார். பதில் வரட்டும், சம்பந்தம் உண்டா இல்லையா என்று நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார் நீதிபதி.

"இல்லை," என்றாள் ஜெனெல். "விட்டதில்லை. எங்கம்மா ரூம்லயும் அவதான் மூடினா."

மூச்சு விடும் சத்தம் கேட்டது. பாடம் ஒப்பித்த குரல் போய்விட்டிருந்தது.

"நான்தான் தொறக்கச் சொன்னேன். அம்மாவுக்குத் தலைவாரி முடிச்சதும் அவளே போய் மூடினா. நான் கவனிக்கவே இல்ல. அழுதுட்டிருந்தேன்."

அப்போது அந்த விதி இருந்ததா என்று நீதிபதி கேட்டார். இருந்தது, கதவில் ஒட்டியதே நான்தான் என்றாள். அதற்குப் பிறகும் யாராவது திறந்தார்களா என்று கேட்டார். ப்ரூயிட் குறுக்கே ஏதோ சொல்லப் பார்த்தார். ஜெனெல் நிறுத்தவில்லை.

"ஒவ்வொரு சாவுக்கும் தொறப்பாங்க, ஐயா. எனக்குத் தெரியும். நடைபாதையில போறப்ப கொக்கி எடுக்கிற சத்தம் கேக்கும். வேண்டாம்னு நான் யாரையும் சொன்னதில்ல. சொல்ல மனசு வரல."

நீதிபதி பேனாவால் எழுதும் சத்தம் கேட்டது. பிறகு எல்லாருக்கும் நன்றி சொல்லி, தீர்ப்பு தபாலில் வரும் என்று முடித்துக்கொண்டார்.

வெர்னா தொலைபேசியை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். வென்றதாகத் தோன்றவில்லை. ஜெனெலை நினைத்து வருத்தமாக இருந்தது. அந்தக் கேள்வியை மனதில் ஒன்றை வைத்துக்கொண்டுதானே கேட்டாய் என்று டார்லீன் பிற்பாடு எத்தனையோ முறை துருவினாள். இல்லை என்றுதான் வெர்னா சொல்லுவாள். தனக்குள் கேட்டுக்கொண்டால் மட்டும் அவ்வளவு உறுதியாகச் சொல்ல வராது.

தபால் வருவதற்குள் மகள் வீட்டுக்குப் போக இரண்டு பெட்டிகள்கூடக் கட்டி வைத்தாள். ஆர்விட்டின் காலணிகளை என்ன செய்வது என்று தெரியாமல் மூன்றாவதைத் திறந்து வைத்துக்கொண்டிருந்த நாளில் தீர்ப்பு வந்தது. நின்றபடியே படித்தாள். நிர்வாகியே அறிந்து, அனுமதித்து, தானும் கேட்டுக்கொண்ட ஒரு செயலை ஒழுங்கீனம் என்று சொல்ல முடியாது. ஆபத்தில் இருந்த ஒரு முதியவளைக் காப்பாற்ற ஓடியதில் மறந்துபோனது தவறுதான். அந்தத் தவறுக்காக வேலையை விட்டு நீக்க முதலாளிக்கு உரிமை உண்டு, ஆனால் அது வேண்டுமென்று செய்த தீங்கு ஆகாது. தான் மறந்ததை அவர் மறைக்கவில்லை, அதனால் மற்றதையும் நம்புகிறேன் என்று அந்த ஜலதோஷக்காரர் எழுதியிருந்தார். விட்டுப்போன வாரங்களுக்கும் சேர்த்து உதவித்தொகை உண்டு.

வெர்னா அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, ஏலக்காய் போட்டுப் பின்னல் ரொட்டி சுட்டு டார்லீனுக்கு எடுத்துக்கொண்டு போனாள். பொய் சொல்லியிருந்தால் இதைவிடச் சீக்கிரம் ஜெயித்திருப்பாய் என்று வாய் நிறைய ரொட்டியோடு சொன்ன டார்லீனின் கண்களும் கலங்கியிருந்தன. பெட்டிகளைப் பிரித்துப் பொருட்களை அதது இருந்த இடத்தில் வைக்க இரண்டு பேருமாகத்தான் வந்தார்கள்.

ஜெனெலைக் கம்பெனி கூப்பிட்டு வறுத்தெடுத்தது. ஆனால் நீக்கவில்லை. இந்தக் குளிருக்கு வந்து அந்த நாற்காலியில் உட்கார வேறு யார் கிடைப்பார்கள்?

ஏரியில் பனிக்கட்டி உடைந்து கரை ஒதுங்கிய நாட்களில் மருத்துவமனையில் புதுப் பிரிவு திறந்தது. வெர்னா வேலையில் சேர்ந்தாள். அடுத்த குளிர்காலம் தொடங்கி முதல் பெரும் பனி கொட்டிய ஒரு மாலை, அவள் வீடு திரும்பிக் காலணியைக் கழற்றும்போது தொலைபேசி அடித்தது. ஜெனெல். விசாரணைக்குப் பிறகு இரண்டு பேரும் பேசிக்கொண்டதே இல்லை.

திருமதி பொட்ரி மத்தியானம் போய்விட்டதாகச் சொன்னாள். இடுப்பு கூடி, கைத்தடியோடு நடந்து, வெர்னா எங்கே வெர்னா எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்த கிழவி. வலியில்லாமல், தூக்கத்திலேயே போனாளாம். தளத்தில் ஆள் குறைவாக இருந்ததால் நானே போனேன் என்றாள்.

"ஜன்னலை நானே தொறந்தேன், வெர்னா. அதை உங்கிட்ட சொல்லணும்னு தோணுச்சு."

வெர்னா ஏதாவது நல்ல வார்த்தையாகச் சொல்ல வேண்டும் என்று தேடினாள். வாயில் வந்தது வேறு.

"மூடினீங்களா?"

ஜெனெல் சிரிக்கத் தொடங்கினாள், நடுவில் அது அழுகையாக மாறியது.

"மூடினேன்," என்றாள். "மூடுற வரைக்கும் பக்கத்துலயே நின்னேன்."

நல்லது என்றாள் வெர்னா. பிறகு, சனிக்கிழமை சாயங்காலம் சும்மா இருந்தால் சோனாவுக்கு வரச் சொன்னாள். டார்லீனும் இருப்பாள், கொஞ்சம் வாயாடுவாள், பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றாள்.